12 நிமிடத்தில் ஒரு வீரரை அளக்க முடியுமா? அமெரிக்கக் கால்பந்தும் அறிவுத் தேர்வுகளும்

2023 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கச் சில நாட்களே இருந்தபோது ஓர் எண் கசிந்தது: 18. ஒகாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி, அணியின் தாக்குதலை நடத்துபவர்) சி. ஜே. ஸ்ட்ரவுட், 'எஸ்2' என்ற அறிவாற்றல் தேர்வில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட மதிப்பெண் அது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரைஸ் யங் அதே தேர்வில் 98 எடுத்ததாகவும் செய்தி வந்தது. கரோலினா பேந்தர்ஸ் அணி முதல் ஆளாக யங்கை எடுத்தது. அடுத்த இடத்தில் ஹியூஸ்டன் டெக்சன்ஸ் ஸ்ட்ரவுட்டை எடுத்தது.

அந்தப் பருவத்தில் ஸ்ட்ரவுட் 4,108 கெஜம் வீசினார். எதிரணியின் எல்லைக்குள் பந்து சேர்ந்த டச்டவுன்கள் 23, எதிரணியிடம் போன பந்துகள் ஐந்தே ஐந்து. ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருதும் அவருக்கே. யங் ஆடிய பேந்தர்ஸ் 2 ஆட்டங்களில் வென்று 15-இல் தோற்றது. அன்றிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி இது: இந்த அறிவுத் தேர்வுகளுக்கும் ஆட்டத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

ஓர் ஆண்டின் இரண்டு வீரர்களை வைத்து இதற்குத் தீர்ப்பு எழுதுவது தவறு. எஸ்2 தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி வந்த இன்னொருவர் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக உயர்ந்தவர். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

எந்தக் கால்பந்து, எந்த டிராஃப்ட்?

இங்கே பேசுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்தைப் பற்றி அல்ல. கையில் பந்தை ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து இது. அதன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். இது ஏலம் அல்ல. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும்; இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதை வைத்தே ஒரு வீரரின் முதல் ஒப்பந்தத் தொகை ஏறக்குறைய முடிவாகிவிடும். முதல் சுற்றிலேயே சில இடங்கள் சறுக்கினால் பல மில்லியன் டாலர் போய்விடும்.

டிராஃப்டுக்கு முன்பு இண்டியானாபொலிஸ் நகரில் 'கம்பைன்' என்ற சோதனை முகாம் நடக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களை வரவழைத்து உயரம், எடை, 40 கெஜ ஓட்டம், தாண்டும் உயரம், பளு தூக்கும் திறன் எல்லாவற்றையும் அளப்பார்கள். மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் உண்டு. பல பத்தாண்டுகளாக இவற்றோடு சேர்ந்து வந்த ஒரு தாள்தான் வொண்டர்லிக் தேர்வு.

வொண்டர்லிக்: அலுவலகத்துக்காகப் பிறந்த தாள்

எல்டன் வொண்டர்லிக் 1930களில் இதை உருவாக்கினார். நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பயன்படுத்துவதற்கான தேர்வு இது. 50 கேள்விகள், 12 நிமிடம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறுக்குக் கழிப்பது கிடையாது. 'ஆறு பேர் எட்டு நாளில் முடிக்கும் வேலையைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்' என்பது போன்ற கணக்குகள், எதிர்ச்சொல், எண் வரிசையில் அடுத்தது எது என்பன போன்ற கேள்விகள்தாம் இதில் வரும். முதலில் எளிதாக இருக்கும், போகப்போகக் கடினமாகும். பெரும்பாலோர் முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். பொதுமக்களின் சராசரி ஏறக்குறைய 20 அல்லது 21.

இதைக் கால்பந்துக்குள் கொண்டுவந்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி. 1970களில் அவர் தொடங்கியதை மற்ற அணிகள் பின்பற்ற, பிறகு அது கம்பைனின் நிரந்தரப் பகுதியாகவே ஆகிவிட்டது.

அவர்கள் யோசித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கால்பந்து தலையால் ஆடும் ஆட்டமும்தான். ஓர் அணியின் பிளேபுக்கில் நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சங்கேதப் பெயர் உண்டு. குவார்ட்டர்பேக் அந்தப் பெயரைத் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிக்கருவியில் கேட்க வேண்டும், பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும், எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டும். எல்லாம் 40 விநாடிக்குள். கடைசி 15 விநாடியில் பயிற்சியாளருடனான அந்த ஒலித் தொடர்பும் துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் அவர் தனியாள். பந்து கைக்கு வந்தபிறகு யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்க ஏறக்குறைய இரண்டரை விநாடிதான் கிடைக்கும்.

விளையாட்டு எழுத்தாளர் பால் சிம்மர்மன் 1980களில் வெளியிட்ட சராசரிகளும் இந்த நினைப்புக்குப் பொருந்தின. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் டாக்கிள்களுக்கு 26, பந்தை அவரிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர்களுக்கு 25, குவார்ட்டர்பேக்குகளுக்கு 24. பந்தோடு ஓடும் வீரர்களுக்கு 16. அதாவது, திட்டத்தை அதிகம் மனத்தில் சுமக்க வேண்டிய இடங்களில் மதிப்பெண்ணும் கூடுதல். ஆனால் இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்தில் ஆடுபவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் அதிக மதிப்பெண் எடுத்தவர் நன்றாக ஆடுகிறாரா என்பது வேறு கேள்வி. டிராஃப்டில் உட்கார்ந்திருக்கும் அணிக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை.

கணக்கிட்டுப் பார்த்தபோது

2009-இல் லயன்ஸ், ஹாஃப்மன், மிஷெல் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் மூன்று டிராஃப்ட் ஆண்டுகளைச் சேர்ந்த 762 வீரர்களின் வொண்டர்லிக் மதிப்பெண்ணையும் பின்னாளைய ஆட்டத்தையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. தொடர்பு தெரிந்த இரண்டு இடங்களில் (அரணாக நிற்பதோடு பந்தையும் பிடிக்கும் டைட் எண்ட், பின்வரிசைத் தடுப்பாளர்) அது தலைகீழாக இருந்தது: மதிப்பெண் குறைவானவர்கள் சற்று நன்றாக ஆடியிருந்தார்கள். 2011-இல் பொருளியலாளர்கள் பெர்ரி, சிம்மன்ஸ் இருவரும் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். கம்பைனில் அளக்கும் விஷயங்கள் டிராஃப்டில் ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தை நகர்த்துகின்றன, ஆனால் பிறகு அவர் எப்படி ஆடுவார் என்பதை அவை சொல்லவில்லை என்பது அவர்கள் கண்டது. வொண்டர்லிக்கும் அவற்றில் அடக்கம்.

இதைத்தான் நான் இந்த விஷயத்தின் மையமாகப் பார்க்கிறேன். மதிப்பெண்ணால் பாதிப்பு இருக்கிறது. அது ஆட்டத்தில் இல்லை, வீரரின் சம்பளத்திலும் பெயரிலும் இருக்கிறது.

ஆனால் அலுவலக வேலைகளில் இப்படிப்பட்ட தேர்வுகள் ஓரளவு பயன்படுகின்றனவே? உண்மைதான். ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் 1998-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பொது அறிவாற்றலுக்கும் வேலைத்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.51 என்றார்கள் (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). 2022-இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தி 0.31 ஆக இறக்கினார்கள். இறங்கிய பிறகும் அது ஒதுக்கித்தள்ளும் அளவல்ல. அப்படியானால் கால்பந்தில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

1. அளக்கும் திறன் வேறு, தேவைப்படும் திறன் வேறு. எதிர்ச்சொல்லை வேகமாகக் கண்டுபிடிப்பதும், நகர்ந்துகொண்டிருக்கும் பதினோரு தடுப்பாளர்களுக்கு நடுவே விழும் இடைவெளியைக் கண்டுபிடிப்பதும் ஒரே திறன் அல்ல. இரண்டாவது, கண்ணும் உடலும் பல்லாயிரம் முறை பழகிப் பெற்ற அறிவு. அதை வார்த்தையில் சொல்லச் சொன்னால் சொல்ல முடியாதவர்கூட களத்தில் செய்துவிடுவார்.

2. ஏற்கெனவே சலித்து எடுத்தவர்கள். கம்பைனுக்கு வருபவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆயிரக்கணக்கானோரைத் தாண்டி வந்தவர்கள். பிளேபுக்கைப் பிடித்துக்கொள்ளவே முடியாதவர்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். கூடைப்பந்து அணியில் எல்லோரும் ஆறரை அடி இருக்கும்போது, உயரத்தை வைத்து யார் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. அதற்காகக் கூடைப்பந்துக்கு உயரம் தேவையில்லை என்றும் ஆகாது. புத்தியும் இங்கே அப்படித்தான். ஆகவே 'கால்பந்துக்கு அறிவு வேண்டாம்' என்று இந்த ஆய்வுகளை வாசிப்பது பெரிய பிழை.

3. தயாரிப்பு. வீரர்களின் முகவர்கள் மாதிரித் தாள்கள் கொடுத்துப் பயிற்சி தருவார்கள். 2006-இல் வின்ஸ் யங் முதலில் 6 எடுத்ததாகச் செய்தி பரவியது. மறுபடி எழுதியபோது 16 என்று சொல்லப்பட்டது. சில நாட்களில் ஒருவரின் அறிவு இரண்டரை மடங்கு கூடுவதில்லை. எவ்வளவு பழகினார், எவ்வளவு மெனக்கெட்டார், அன்றைக்கு எப்படி இருந்தார் என்பதெல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கிறது.

4. ஆடக் கிடைக்கும் வாய்ப்பு. முதல் சுற்றில் எடுத்தவரை அணி பொறுமையாக ஆடவிடும். ஏழாம் சுற்றுக்காரருக்கு இரண்டு மோசமான ஆட்டம் போதும், வெளியே. எந்த அளவுகோலையும் பின்னாளைய சாதனையோடு ஒப்பிடுவதை இது குழப்பிவிடும்.

பெயர்களும் எண்களும்

என்எஃப்எல் இந்த மதிப்பெண்களை அதிகாரபூர்வமாக வெளியிட்டதில்லை. கீழே வருபவை ஊடகங்களில் வெளிவந்து நிலைத்துவிட்ட எண்கள். அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டேன் மரினோ 15 அல்லது 16 எடுத்ததாகச் சொல்வார்கள். அவர்தான் 1984-இல் ஒரே பருவத்தில் 5,000 கெஜத்துக்கு மேல் வீசிய முதல் குவார்ட்டர்பேக். லமார் ஜாக்சன் 13. 2018-இல் முதல் சுற்றின் கடைசி இடமான 32-ஆவது இடம்வரை சறுக்கி, பிறகு 2019-லும் 2023-லும் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். பிளெய்ன் காபர்ட் 42. 2011-இல் பத்தாவது ஆளாக எடுக்கப்பட்டு, எடுத்த அணியிலேயே நிலைக்க முடியாமல் போனார். உயர் மதிப்பெண்ணும் உயர்ந்த ஆட்டமும் சேர்ந்தவர்களும் உண்டு: டாம் பிரேடி 33, ஆரோன் ராட்ஜர்ஸ் 35. ஆனால் பிரேடியை அந்த 33 காப்பாற்றவில்லை. 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் அவர் 199-ஆவது ஆள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பேட் மெக்கினலியின் கதை. ஹார்வர்டில் படித்த அவர் 1975-இல் 50-க்கு 50 எடுத்தார். டிராஃப்டில் கிடைத்தது ஐந்தாவது சுற்று. முழு மதிப்பெண் தனக்குக் கெடுதலாகவே அமைந்திருக்கலாம் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: ரொம்பப் புத்திசாலியாக இருப்பவன் பயிற்சியாளர் சொல்வதைக் கேள்வி கேட்பான் என்ற பயம். குறைந்தாலும் தொல்லை, நிறைந்தாலும் தொல்லை என்றால், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று படிப்பவர்களுக்கே தெளிவில்லை என்று பொருள்.

கசிவு என்ற அநீதி

2012-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) கார்னர்பேக் (எதிரணியில் பந்தைப் பிடிப்பவர்களைத் தடுப்பவர்) மோரிஸ் கிளேபோர்ன் வொண்டர்லிக்கில் 4 எடுத்ததாகச் செய்தி கசிந்தது. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாடு முழுக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவரைக் கேலி செய்தார்கள். தாளில் கால்பந்து பற்றி எதுவுமே இல்லை என்று பார்த்ததும் தான் அதில் அக்கறை காட்டவில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். டாலஸ் அணி அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. ஆனால் அவர் பெயரைத் தேடினால் இன்றும் அந்த 4 கூடவே வருகிறது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் விடைத்தாளை ஊருக்குக் காட்டுவதை வேறெந்தத் தொழிலிலும் ஏற்றுக்கொள்ள மாட்டோம். இங்கே அது ஆண்டுதோறும் நடந்தது.

அந்தக் கேலி பெரும்பாலும் கறுப்பின வீரர்கள்மேல்தான் விழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது.

வட கரோலினாவின் டிரேப்பரில் டியூக் பவர் நிறுவனத்தின் டேன் ரிவர் மின்நிலையம் இருந்தது. அங்கே கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம் மற்றப் பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உடனே நிறுவனம், நல்ல பிரிவுகளில் சேர இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும் என்றது. அவற்றில் ஒன்று இதே வொண்டர்லிக். வில்லி கிரிக்ஸும் உடன் வேலை பார்த்தவர்களும் வழக்குப் போட்டார்கள். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தேர்வு, அந்த வேலைக்கு ஆள் பொருத்தமா என்று அளக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஆளைப் பொத்தாம்பொதுவாக அளக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

சரியாக அந்தப் பத்தாண்டில்தான் அதே தாள் கால்பந்துக்குள் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நீதிமன்றம் கேட்ட அந்தக் கேள்வியைக் கால்பந்தில் யாரும் அழுத்தமாகக் கேட்கவில்லை.

லீக்குக்கு நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. தலையில் அடிபட்டு மூளை பாதித்த முன்னாள் வீரர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில், கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலிருந்தே குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும் முறை இருந்தது. அதனால் அவர்கள் பாதிப்பை நிரூபிப்பது கடினமானது. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில் என்எஃப்எல் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே கம்பைனிலிருந்து வொண்டர்லிக் நீக்கப்பட்டது. நேர்காணலில் வீரரை இழிவுபடுத்தும் கேள்வி கேட்கும் அணி ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் குறைந்தது 1,50,000 டாலரையும் இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் அப்போதுதான் வந்தது.

புதிய தேர்வுகள் வேறானவையா?

வொண்டர்லிக் போனதும் தேர்வுகளே போய்விடவில்லை. எஸ்2, ஏஐக்யூ போன்றவற்றை அணிகள் தாங்களாகவே நாடுகின்றன.

நாஷ்வில் நகரத்து நரம்பியல் ஆய்வாளர்கள் பிராண்டன் ஆலி, ஸ்காட் வைலி இருவரும் தொடங்கிய எஸ்2-வில் கணக்கோ எதிர்ச்சொல்லோ கிடையாது. மடிக்கணினித் திரையில் உருவங்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தோன்றி மறையும். பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். பார்வையின் வேகம், ஒரே நேரத்தில் எத்தனை பொருட்களைக் கண்ணால் தொடர முடிகிறது, கவனச்சிதறலை ஒதுக்குவது, கை எழுந்தபிறகும் நிறுத்திக்கொள்வது என்பன போன்றவற்றைத் தனித்தனியாக அளக்கிறார்கள். கால்பந்துக்கு இது வொண்டர்லிக்கைவிட மிக நெருங்கிய கேள்வித்தாள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மதிப்பெண்கள் நிறுவனத்திடமும் அணிகளிடமும் இருக்கின்றன. வெளி ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான வீரர்களை எடுத்து 2009-இல் செய்ததுபோல் சரிபார்க்கும்வரை, நெருக்கம் என்பது நம்பிக்கையாக மட்டுமே இருக்கும்.

ஸ்ட்ரவுட்டின் 18-ஐப் பலர் தவறாகவே படித்தார்கள். எஸ்2-வில் வருவது சதமானம். 18 என்றால் நூற்றுக்குப் பதினெட்டு கேள்விதான் சரி என்று அர்த்தமல்ல. ஒப்பிடப்பட்ட விளையாட்டு வீரர்களில் 18 சதவீதத்தினர் அவருக்குக் கீழே, மற்றவர்கள் மேலே என்று அர்த்தம். அந்த ஒப்பீட்டுக் கூட்டமே தேர்ந்தெடுத்த வீரர்கள்தான். அதே 18 வொண்டர்லிக்கில் வந்திருந்தால் சராசரிக்குச் சற்றுக் கீழ், அவ்வளவுதான். ஆகவே அடுத்த ஏப்ரலில் இப்படி ஓர் எண் செய்தியில் வந்தால் மூன்றைப் பார்க்க வேண்டும்:

1. அது எந்தத் தேர்வு? மதிப்பெண்ணா, சதமானமா? யாரோடு ஒப்பிட்டது?

2. யார் வெளியிட்டது? ஒரு வீரர் கீழே சறுக்கினால் லாபம் அடையும் அணிகளும் இருக்கின்றன. பெயர் சொல்லாத வட்டாரத்திலிருந்து வரும் எண்ணை அந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

3. அவர் ஆடிய ஆட்டம் என்ன சொல்கிறது? ஸ்ட்ரவுட்டுக்கு ஒகாயோ ஸ்டேட்டில் இரண்டு பருவ ஒளிப்பதிவு இருந்தது. தேர்வு எதை ஊகிக்கப் பார்க்கிறதோ, அதையே நேரில் காட்டும் பதிவு.

அணிகளிடம் இதைவிட நேரடியான ஒரு வழி எப்போதுமே இருந்திருக்கிறது. கம்பைன் நேர்காணலுக்கு ஒரு வீரருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் தன் அணியின் திட்டம் ஒன்றை வரைந்து விளக்குவார். பலகையை அழித்துவிட்டு வீடு, குடும்பம், கல்லூரி என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அப்புறம் திடீரென்று பேனாவை இளைஞனின் கையில் கொடுத்து, முதலில் சொன்ன திட்டத்தை வரையச் சொல்வார்; எதிரணி இப்படி நின்றால் எங்கே வீசுவாய் என்று கேட்பார்.